ஆறு டீம் மாறிய ஸ்ட்ரைக்கரை எப்படி எடைபோடுவது?

2025 ஜூன் 29, வள்ளியூர் வாசகர் ஒருவர் கேட்டது

அண்ணாச்சி, ஒரு சந்தேகம். இருபத்தாறு வயதுக்குள் ஆறு டீம் மாறிய கால்பந்து ஸ்ட்ரைக்கர், அதாவது கோல் போடுகிற ஃபார்வர்டு ஒருவன் இருக்கிறான். எங்கேயும் ஒரு சீசனுக்கு மேல் நின்றதில்லை. கோல் போடுகிறான், ஆனாலும் விட்டுவிடுகிறார்கள். நல்ல ஆட்டக்காரன் என்றால் ஒரு டீம்காரனாவது பிடித்து வைத்திருக்க மாட்டானா? எனக்கு அவன் ஆட்டத்தில்தான் ஏதோ குறை என்று படுகிறது.

ஜூன் 29, இரவு 10.15

எனக்கு அப்படிப் படவில்லை. கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒக்பேச்சேயைத் தெரியுமா? பார்த்தலோமியு ஒக்பேச்சே, நைஜீரியாக்காரர். 17 வயதில் 2002 உலகக் கோப்பையில் ஆடியவர். பிரான்ஸின் பாரிஸ் சான் ஜெர்மன் கிளப்பில் ரொனால்டினோ, ஒக்கோச்சா போன்ற பெரிய ஆட்டக்காரர்கள் இருந்த காலத்தில் அங்கே வளர்ந்த பையன். அப்புறம் பாஸ்தியா, மெட்ஸ், அங்கிருந்து அமீரகம், ஸ்பெயினில் அலவேஸ், வல்லாடோலிட், காதிஸ், கிரேக்கத்தில் கவாலா, இங்கிலாந்தில் மிடில்ஸ்பரோ, மறுபடி ஸ்பெயினில் செரெஸ், கடைசியில் நெதர்லாந்தில் இரண்டு டீம். இத்தனையும் முடித்துவிட்டு, மற்றவர்கள் பூட்ஸைக் கழற்றும் வயதில், 2018-ல் கவுகாத்திக்கு வந்து நார்த் ஈஸ்ட் யுனைடெட் டீமின் ஜெர்சியைப் போட்டார்.

அந்த அக்டோபரில் ஆயுத பூசை விடுமுறைக்கு நானும் அக்கா மகனும் நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னை நேரு ஸ்டேடியத்துக்குப் போனோம். 'சென்னையின் எஃப்சி' என்ற நம் டீமின் ஆட்டத்தைப் பார்க்கத்தான் போனது. சென்னையின் எஃப்சி 3-1 என்று முன்னால் போனதும் ஸ்டேடியமே எழுந்து நின்றது. அந்த ஒன்றும் ஒக்பேச்சே போட்டதுதான், பாதி ஆட்டம் முடிவதற்குள் அவர் இன்னும் இரண்டு போட்டு மூன்றாக்கிவிட்டார். ஆட்டம் 4-3 என்று நார்த் ஈஸ்டுக்குப் போனது. நீலத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அக்கா மகன் அழுகிற நிலைமைக்கு வந்துவிட்டான், எனக்கோ ஒக்பேச்சே மேலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. ஓட்டமே கிடையாது, பெரும்பாலும் நடைதான். பந்து தன் பக்கம் வருவதற்கு முன்னால் தோளுக்குப் பின்னால் இரண்டு தடவை திரும்பிப் பார்ப்பார். எதிர் டீமில் தடுக்கிற ஆள், அதாவது பேக், எங்கே நிற்கிறான் என்று அதற்குள் தெரிந்துவிடும். கூட ஆடுகிறவர்கள் பலரும் அவருக்குப் புதிது. ஆனால் பத்து வருடம் சேர்ந்து ஆடிய மாதிரி பந்து அவர் காலுக்கு வந்தது.

இவரையும் யாரும் பிடித்து வைக்கவில்லை. அதனால் குறை அவர் ஆட்டத்தில் என்பீர்களா?

ஜூன் 30, காலை 6.50

நேற்று எழுதாமல் விட்டது. ஐஎஸ்எல்லில் (இந்தியன் சூப்பர் லீக்) அவர் ஐந்து சீசன் ஆடினார், டீம் ஐந்து. நார்த் ஈஸ்டில் 12 கோல், கேரளா பிளாஸ்டர்ஸில் 15, மும்பை சிட்டியில் 8, ஹைதராபாதில் 18, அடுத்த வருடம் 10. கூட்டினால் 63. அவர் விளையாடி முடித்தபோது அந்த லீக்கில் அவ்வளவு கோல் வேறு யாருக்கும் கிடையாது. சுனில் சேத்ரி பிறகுதான் அதைத் தாண்டினார். சேத்ரி அதில் பெரும்பகுதியை ஒரே பெங்களூரு ஜெர்சியில் போட்டவர், இவர் வருடா வருடம் புது ஆட்களோடு போட்டவர். இரண்டும் இரண்டு விதமான வேலை.

ஜூன் 30, காலை 9.05

திருத்தம். டீம் நான்குதான். ஹைதராபாதில் இரண்டு சீசன் இருந்தார். அப்படியானால் அவரையும் ஒரு டீம் பிடித்து வைத்திருக்கிறது, அங்கே 2022-ல் கோப்பையும் ஜெயித்தார்கள். என் கணக்குத் தப்பு.

ஜூலை 1, இரவு 11.40

இனி என் கதையைச் சொல்லலாம். நான் உவரிப் பக்கம் கடற்கரை ஊர்க்காரன், இப்போது மேலப்பாளையத்தில் வெல்டிங் பட்டறை. பதினான்கு வருடம் பந்து ஆடினேன், பதினோரு டீம். ஊர்த் திருவிழா மின்னொளி ஆட்டங்களுக்குக் கெஸ்டாகப் போனதை இதில் சேர்க்கவில்லை. பாளையங்கோட்டையில் இரண்டு, தூத்துக்குடியில் ஒன்று, சென்னை லீக்கில் மூன்று, மீதி எல்லாம் மலப்புரம் செவன்ஸ்.

செவன்ஸ் தெரியாதவர்களுக்காக: டீமுக்கு ஏழு பேர், அறுத்த வயலிலோ பள்ளிக்கூட மைதானத்திலோ மூங்கிலும் கமுகும் கட்டிய கேலரி, ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம், தலைக்கு மேல் தலையாக ஜனம். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஃபார்வர்டுகள் கூட ஆடுவார்கள். நான் நாகர்கோவிலில் ரயில் ஏறி விடியற்காலை திரூரில் இறங்குவேன், சாயங்காலம் ஆட்டம். மதியம் சாப்பாட்டுக்குத்தான் டீம்காரர்கள் முகத்தையே முதலில் பார்ப்பது.

அதனால் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எந்த டீமுக்குப் போனாலும் இரண்டு ஓரங்களிலும் ஆடி நடுவுக்குப் பந்து போடுகிற லெஃப்ட் அவுட்டும் ரைட் அவுட்டும் பூட்ஸ் மாட்டுகிற இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். என் லேஸைக் கட்டுகிற மாதிரி குனிந்து அவர்கள் பூட்ஸைப் பார்ப்பேன். பெருவிரலுக்கு உள்பக்கம் தோல் உரிந்திருந்தால் அவன் பந்தை வளைத்துப் போடுகிறவன், ஓரத்திலிருந்து அவன் போடுகிற க்ராஸ் கோலைவிட்டு வெளியே போகிற மாதிரி வந்து உள்ளே திரும்பும், ரெண்டாவது போஸ்ட்டில் நிற்க வேண்டும். லேஸ் மேல் அடிபட்டு நைந்து போயிருந்தால் அவன் மேல்காலால் அடிப்பவன், பந்து தரையோடு வேகமாக வரும், முதல் போஸ்ட்டுக்குள் பாய்ந்துவிட வேண்டும். மூக்கில் தையல் விட்டிருந்தால் அவன் நுனிக்கால்காரன். அவனிடம்தான் அதிக கவனம், ஏனென்றால் காலைத் தூக்காமலே பந்து வந்துவிடும்.

மஞ்சேரிப் பக்கம் ஒரு டீமில் கண்ணூர்ப் பையன் ஒருவன் ரைட் அவுட். அவன் பூட்ஸின் மூக்கு வாய் பிளந்து விரல் தெரிகிறது. என் பையில் எப்போதும் நைலான் நரம்பும் கோணூசியும் இருக்கும், வலை முடைகிற வீட்டில் பிறந்தவன் ஆயிற்றே. வாங்கி, மூக்கை மடித்து ஒன்பது தையல் போட்டுக் கொடுத்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது ஆட்டத்தில் அவன் கார்னர் கொடியோரம் மாட்டிக்கொண்டான், சுற்றி இரண்டு பேர், யாருக்குமே அவனிடமிருந்து பந்து வரும் என்ற எண்ணமில்லை. அவன் கால் அசைவதற்கு முன்பே நான் கிளம்பிவிட்டேன். நுனிக்காலால் ஒரு குத்து, கீப்பர் திரும்புவதற்குள் பந்து வலையில். ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தன் பூட்ஸைக் காட்டினான். தையல் அப்படியே இருந்தது.

ஒரே டீமில் பத்து வருடம் ஆடியிருந்தால் நான் யார் பூட்ஸையும் பார்த்திருக்க மாட்டேன்.

ஜூலை 2, மதியம் 1.20

தென்காசி நண்பர் "எல்லாம் காசுக்காகத்தானே" என்று கேட்டிருக்கிறார். ஆமாம், காசு வேண்டும். வீட்டில் நான்கு பேர். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கொத்தனார் ஒரே வீட்டையா வாழ்நாள் முழுக்கக் கட்டுகிறார்?

ஜூலை 4, இரவு 9.30

காசு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது, அது பாதிக் காரணம்கூட இல்லை. பட்டறையில் கிரில் அடித்துக்கொண்டே என் பதினோரு டீமையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். நானாகக் கிளம்பியது மூன்றுதான், மற்ற எட்டிலும் என்னை அனுப்பினார்கள்.

ஸ்ட்ரைக்கரின் நிலைமை அப்படி. பேக் சுமாராக ஆடினாலும் டீம் ஜெயித்தால் யாருக்கும் தெரியாது. ஸ்ட்ரைக்கருக்கு நெற்றியிலேயே கணக்கு எழுதியிருக்கும், ஐந்து ஆட்டத்தில் கோல் இல்லை என்றால் பெட்டிக்கடையில் நிற்பவருக்கும் தெரியும். புதுக் கோச் வந்தால் முதலில் கை வைப்பது ஒன்பதாம் நம்பரில், அதாவது நடு ஃபார்வர்டில். அவருக்கு உயரமான ஆள் வேண்டும், இல்லாவிட்டால் ஓடுகிற ஆள் வேண்டும், முந்தைய கோச் எடுத்தவன் எவ்வளவு கோல் போட்டிருந்தாலும் அவர் கண்ணில் அவன் வேற்று ஆள். பெரிய கிளப்புகளில் லோன் என்று ஒன்று, தங்கள் ஆளைக் கொஞ்ச காலம் வேறு டீமுக்கு இரவல் கொடுப்பது. ஒக்பேச்சே பாஸ்தியாவுக்கும் மெட்ஸுக்கும் போனது லோனில்தான். போவதா இருப்பதா என்பதை இருபது வயதுப் பையனா முடிவு செய்கிறான்?

நம் நாட்டில் இன்னொன்றும் உண்டு. ஐஎஸ்எல்லில் களத்தில் ஒரே நேரத்தில் ஐந்து வெளிநாட்டவர் ஆடலாம் என்று இருந்ததை 2021-22-ல் நான்காகக் குறைத்தார்கள். நல்ல மாற்றம். ஆனால் அந்த நான்கு பேரில் ஒருவர் ஸ்ட்ரைக்கராக இருப்பதுதான் வழக்கம். கோல் போட வெளிநாட்டுக்காரர், தடுக்க நம் ஆள். அதனால் நம் ஊர் ஃபார்வர்டு பையன்களில் பாதிப் பேரைக் கோச்சுகள் விங்குக்கு, அதாவது ஓரத்துக்கு, தள்ளுகிறார்கள், தள்ளாதவர்கள் வருடா வருடம் டீம் தேடுகிறார்கள். வள்ளியூர்த் தம்பி, நீங்கள் சொன்ன ஆள் எந்தெந்த இடத்தில் ஆடினான்? ஆறு டீமிலும் நடு ஃபார்வர்டுதானா? அதைச் சொல்லாமல் ஆட்டத்தில் குறை என்பது நியாயமில்லை.

ஜூலை 5, காலை 7.15

டீம் மாறுவதில் உலக சாதனை வைத்திருப்பவரும் ஒரு ஸ்ட்ரைக்கர்தான். உருகுவேயின் செபாஸ்டியன் அப்ரேயு, எல்லோரும் 'லோகோ' என்பார்கள், கிறுக்கன் என்று அர்த்தம். 2017-ல் சிலியில் தன் 26-வது கிளப்பில் சேர்ந்தபோது கின்னஸில் ஏறினார், அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை, முப்பதைத் தாண்டித்தான் ஓய்ந்தார். மெக்சிகோவில் தொராதோஸ் என்ற சின்ன டீமில் இருந்தபோது பிற்பாடு பெரிய கோச் ஆன குவார்டியோலா அவர் கூட ஆடியிருக்கிறார், தன் ஆட்டக் காலத்தின் கடைசியில் குவார்டியோலா அங்கே வந்திருந்தார்.

2010 உலகக் கோப்பை கால் இறுதி, கானாவோடு. உருகுவேயின் சுவாரஸ் கோல் கோட்டில் நின்று பந்தைக் கையால் தட்டியதும், அதற்குக் கிடைத்த பெனால்டியைக் கானாவின் கியான் கிராஸ்பாரில் அடித்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்புறம் ஷூட்-அவுட். உருகுவேயை அரையிறுதிக்குக் கொண்டுபோகிற கடைசி அடி அப்ரேயுவுடையது. கீப்பர் ஒரு பக்கம் பாய, பந்தின் அடியில் மெதுவாகத் தட்டி நடுவில் மிதக்க விட்டார். எங்கள் ஊர் மாதா கோயில் பக்கத்து மன்றத்தில் பார்த்தோம், நடுராத்திரி தாண்டியாயிற்று. "கிறுக்குப் பயலே!" என்று கத்திக்கொண்டே எல்லோரும் தெருவுக்கு ஓடி வந்தோம்.

இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை தெரியாத கூட்டத்தின் முன்னால் முதல் ஆட்டம் ஆடிப் பழகியவனுக்கு அந்த இடத்தில் கால் நடுங்காது. என் அனுபவத்தில் சொல்கிறேன்.

ஜூலை 6, இரவு 12.10

தூக்கம் வரவில்லை. மேலே எழுதியதை எல்லாம் திரும்பப் படித்தேன். டீம் மாறுவதே ஒரு பெருமை என்கிற மாதிரி எழுதி வைத்திருக்கிறேன். பாதியை மறைத்த மாதிரி ஆகிவிட்டது.

என் எட்டாவது டீம், சென்னையில். பெயர் வேண்டாம். ஆட்டத்தில் வலது முட்டி திரும்பிவிட்டது. உள்ளே பட்டென்று ஒரு சத்தம், பக்கத்தில் நின்ற பேக்குக்கே கேட்டது. ஜவ்வு கிழிந்திருக்கிறது என்றார் டாக்டர். இரண்டு நாள் கழித்து டீம் மேனேஜர் அறைக்கு வந்து கோயம்பேட்டிலிருந்து திருநெல்வேலிக்குப் பஸ் டிக்கெட்டும் ஐந்நூறு ரூபாயும் கொடுத்தார். மூன்று மாதச் சம்பளம் பாக்கி. "சரியானதும் வா" என்றார். அந்தச் சம்பளம் இன்றுவரை வரவில்லை, அவரும் கூப்பிடவில்லை. அதே டீமில் ஆறு வருடமாக ஆடிய கீப்பருக்கு அதே சீசனில் தோள் இறங்கியது, அவரை வைத்துப் பார்த்தார்கள், சம்பளமும் போனது. கீப்பர் மேல் எனக்கு வருத்தமில்லை, அவருக்குச் செய்தது சரிதான். ஒரே இடத்தில் நின்றவனுக்கு நாலு பேர் பேச இருந்தார்கள், எனக்காகப் பேச அங்கே யாரும் இல்லை.

எட்டு மாதம் வீட்டில். ஐயா ஒரு வார்த்தை கேட்கவில்லை. தினமும் கடலுக்குப் போய்விட்டு வந்து என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து வேப்பெண்ணெய் தேய்ப்பார். கை முழுக்க உப்புக் கீறல், சொரசொர என்று இருக்கும். அந்தக் கை முட்டியில் படும்போது எனக்கு வலித்ததைவிட வேறு என்னமோ செய்தது.

அப்புறம் ஒன்று. பதினான்கு வருடத்தில் நான் போட்ட கோல் எந்த ஏட்டிலும் இல்லை. செவன்ஸில் யாரும் எழுதி வைப்பதில்லை. ஒரே ஊர் டீமில் ஆடியிருந்தால் டீக்கடைச் சுவரிலாவது ஒரு போட்டோ தொங்கியிருக்கும்.

ஜூலை 6, காலை 8.00

வேப்பெண்ணெய் தேய்த்தால் ஜவ்வு சேராது, யாரும் அதைப் பார்த்துச் செய்யாதீர்கள். பிசியோவிடம் போங்கள். எனக்கு அப்போது வசதியில்லை.

ஜூலை 8, மாலை 5.45

நாகர்கோவில் நண்பருக்கு: ஆமாம், 2019-20-ல் ஒக்பேச்சே 15 கோல் போட்டும், சீசனில் அதிக கோல் போட்டவருக்குத் தருகிற தங்கக் காலணி கிடைக்கவில்லை. அந்த வருடம் மூன்று பேருக்குமே 15: ஒக்பேச்சே, ராய் கிருஷ்ணா, நம் சென்னையின் எஃப்சியின் வால்ஸ்கிஸ். காலணியை வால்ஸ்கிஸ் எடுத்தார். லிதுவேனியாக்காரர். இறுதி ஆட்டத்திலும் ஒரு கோல் போட்டார், ஆனாலும் கொல்கத்தாவின் ஏடிகே 3-1 என்று ஜெயித்துவிட்டது, கொரோனாவால் காலி ஸ்டேடியம். அவரும் அடுத்த வருடமே ஜாம்ஷெட்பூர் போனார், அப்புறம் திரும்பிச் சென்னைக்கே வந்தார். ஒக்பேச்சேக்குத் தங்கக் காலணி வந்தது 2021-22-ல், ஹைதராபாதில், 37 வயதில்.

நம் பக்கத்து ஆளைச் சொல்லவில்லை என்கிறீர்கள். ராமன் விஜயன் இருக்கிறாரே. தமிழ்நாட்டு ஃபார்வர்டு, ஈஸ்ட் பெங்கால், எஃப்சி கொச்சின் என்று ஆடியவர், 1997-98 தேசிய லீக்கில் அதிக கோல் அவருடையதுதான். எங்கள் பள்ளிக்கூடக் காலத்தில் பேப்பரில் அவர் பெயரைத் தேடித் தேடிப் படிப்போம். ஐ.எம். விஜயனும் கேரளா போலீஸ், மோகன் பகான், ஜேசிடி, கொச்சின், ஈஸ்ட் பெங்கால் என்று மாறியவர்தான். திருச்சூர் ஸ்டேடியத்தில் சோடா விற்ற பையனுக்கு 2025-ல் பத்மஸ்ரீ. அவரைப் பார்த்து யாரும் 'நிலையில்லாதவன்' என்று சொன்னதில்லை. பெரிய ஆள் மாறினால் தேடிக் கூப்பிட்டார்கள் என்கிறோம், சின்ன ஆள் மாறினால் துரத்திவிட்டார்கள் என்கிறோம்.

ஜூலை 12, காலை 10.30

நேற்று வந்த செய்தி பார்த்திருப்பீர்கள். ஐஎஸ்எல் 2025-26 சீசனை நிறுத்தி வைப்பதாகச் சொன்னார்கள், லீக்கை நடத்துவதற்கான ஒப்பந்தம் புதுப்பிக்கவில்லையாம். பெரிய பெயர்களுக்கு எப்படியும் வழி பிறக்கும். ஒரு வருட ஒப்பந்தத்தில் ஆடிக்கொண்டிருக்கிற, அதுவும் மே மாதத்தோடு முடிந்துபோன பையன்களை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. சீசன் எப்போது என்றே தெரியாமல் எந்தக் கிளப் புதிதாக ஸ்ட்ரைக்கர் எடுக்கும்? உடம்பை மட்டும் அவன் தினமும் தயாராக வைத்திருக்க வேண்டும். அது எவ்வளவு கஷ்டம் என்று அந்த எட்டு மாதத்தில் பார்த்தேன்.

ஜூலை 13, இரவு 8.20

வள்ளியூர்த் தம்பி, நீங்கள் இன்று எழுதியதைப் படித்தேன். அவன் உங்கள் கூடப்பிறந்தவன் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாம். முதல் நாள் நான் கோபப்பட்டதை மனதில் வைக்காதீர்கள். ஆறு டீமில் நான்கில் அவனை லெஃப்ட் விங்கில் நிறுத்தினார்கள், நடுவில் ஆடிய இரண்டு வருடம்தான் கோல் வந்தது என்கிறீர்கள். அப்படியானால் உங்கள் கேள்விக்குப் பதில் உங்களிடமே இருந்திருக்கிறது. வீட்டிலும் இதைச் சொல்லுங்கள், அம்மாவிடம் முக்கியமாக.

இரண்டு மாதமாக வெளியே போகாமல் படுத்தே கிடக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் எனக்குக் கவலை. வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பாளை வ.உ.சி. மைதானத்துக்கு அவனைக் கூட்டி வாருங்கள். நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வருவோம், காலேஜ் பையன்களும் உண்டு. ஆகஸ்டில் மாதா திருவிழாவை ஒட்டிக் கடற்கரை ஊர்களில் மின்னொளி ஆட்டங்கள் தொடங்கிவிடும், எங்கள் ஊர் டீமுக்கு நடு ஃபார்வர்டு இல்லை, நான் பேசிவிட்டேன். விங்கில் நிறுத்த மாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு. சம்பளம் பெரிதாக இருக்காது. ஆட்டத்துக்கு முன்னாலேயே கையில் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

அவனுக்காகப் புது பூட்ஸ் வாங்கப் போவதாக எழுதியிருந்தீர்களே, வேண்டாம். இவ்வளவு நாள் போட்டுத் தேய்ந்ததையே கொண்டு வரட்டும், நான் பார்க்க வேண்டும். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, நரம்பும் ஊசியும் என் பையில் இருக்கிறது.